வம்பு பேசும் கம்ப்யூட்டர்கள்!

இன்று ஒரு சின்னக் கதையோடு ஆரம்பிப்போம்.

உங்கள் வகுப்பில் 40 பேர். 40 பேரின் டைரியிலும், "புதன்கிழமை கணக்குப் பரீட்சை" என்று எழுதியிருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மணி அடித்ததும் எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டீர்கள். வராண்டாவில் கடைசியாகப் போய்க்கொண்டிருந்த லீடரை மட்டும் டீச்சர் கூப்பிடுகிறார். "பரீட்சையைச் செவ்வாய்க்கிழமைக்கு மாத்திட்டேன்ப்பா. எல்லார்கிட்டயும் சொல்லிடு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்.

லீடர் வழியில் பார்த்த நாலு பேரிடம் சொல்கிறார். அவர்கள் தங்கள் தெருவில் இருப்பவர்களிடம் சொல்கிறார்கள். திங்கட்கிழமைக்குள் பெரும்பாலானவர்களுக்குச் செய்தி போய்விடுகிறது. ஆனால், பாட்டி ஊருக்குப் போயிருந்த ஒரு பையன் செவ்வாய்க்கிழமை காலையில்தான் வந்து இறங்குகிறான். அவன் டைரியில் இன்னும் புதன்கிழமைதான் இருக்கிறது! கேள்வித்தாள் கைக்கு வரும்போது அவன் முகம் எப்படி இருக்கும்? நினைத்தாலே பாவமாக இருக்கிறது அல்லவா?

அவன் டைரியில் தப்பாக எழுதினானா? இல்லவே இல்லை. எழுதிய அன்று அது சரிதான். பிறகு அது பழசாகிவிட்டது. பழசாகிவிட்டது என்பது அவனுக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான்!

இதே தலைவலி கம்ப்யூட்டர்களுக்கும் உண்டு. அதற்கு அவை கண்டுபிடித்த வைத்தியம் என்ன தெரியுமா? ஊர்வம்பு பேசுவது!

நம்ப முடியவில்லையா? வாருங்கள், பார்ப்போம்.

நகல் எதற்கு?

ஒரு தகவலை ஒரே ஒரு கம்ப்யூட்டரில் வைத்தால் என்ன ஆகும்? அது பழுதானால் தகவல் போச்சு. அது அமெரிக்காவில் இருந்தால், ஜப்பானில் இருப்பவர் ஒவ்வொரு முறையும் கடல் தாண்டிக் கேட்க வேண்டும். அதனால் ஒரே தகவலை நகல் எடுத்து, பல ஊர்களில் உள்ள பல கம்ப்யூட்டர்களில் வைக்கிறார்கள்.

இந்தக் கம்ப்யூட்டர்களை இரண்டு விதமாக வேலை வாங்கலாம். ஒன்று, ஒரு கம்ப்யூட்டரைத் தலைவராக்கி, மற்றவை எல்லாம் அது சொல்வதைக் கேட்க வைப்பது. தலைவர் படுத்துவிட்டால் எல்லா வேலையும் நின்றுவிடும். இன்னொரு முறையில் தலைவரே கிடையாது. ஒரே பெஞ்சில் உட்காரும் நண்பர்கள் மாதிரி எல்லாம் சமம். இதை "பியர் டு பியர்' என்பார்கள். திருத்தத்தை எந்தக் கம்ப்யூட்டரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். ஒன்று பழுதானாலும் மற்றவை வேலை செய்துகொண்டே இருக்கும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், தலைவர் இல்லாத இடத்தில் யாரிடம் இருப்பது புதுசு, யாரிடம் இருப்பது பழசு என்று யார் சொல்வது?

ஜெராக்ஸ் கம்பெனிக்கே நகல் தொல்லை!

"இந்தப் பக்கத்தை ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு வா" என்று வீட்டில் சொல்கிறார்களே, ஜெராக்ஸ் என்பது நகல் எடுக்கும் இயந்திரம் செய்த ஓர் அமெரிக்கக் கம்பெனியின் பெயர். வேடிக்கை என்னவென்றால், நகல்களால் பெரிய தொல்லைக்கு ஆளானதும் அதே கம்பெனிதான்!

1980களில் ஜெராக்ஸ் கம்பெனிக்குள் ஒரு பெரிய கம்ப்யூட்டர் நெட்வொர்க் இருந்தது. பல ஆயிரம் கம்ப்யூட்டர்கள். அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் என்று பரவியிருந்தன. ஜப்பானில் இருந்து ஐரோப்பாவுக்கு ஒரு தகவல் போக வேண்டுமானால், 7 டெலிபோன் இணைப்புகள் வரை தாண்ட வேண்டியிருக்கும்.

இந்த நெட்வொர்க்கில் "கிளியரிங்ஹவுஸ்' என்று ஒரு பெயர்ப் பட்டியல் இருந்தது. டெலிபோன் டைரக்டரி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருடைய அஞ்சல் பெட்டி எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது, எந்தப் பிரிண்டர் எங்கே இருக்கிறது என்றெல்லாம் அதைக் கேட்டால் சொல்லும். பட்டியலின் சில பகுதிகளுக்கு நூற்றுக்கணக்கான நகல்கள் இருந்தன. அதாவது, நூற்றுக்கணக்கான டைரிகள்!

ஒரு டைரியில் ஏதாவது மாறினால், அது மற்ற எல்லா டைரிகளுக்கும் கடிதம் அனுப்பும். சில கடிதங்கள் வழியில் தொலைந்துவிடும். அதனால் தினமும் ராத்திரி, ஒவ்வொரு டைரியும் இன்னொரு டைரியோடு தன்னை ஒப்பிட்டுப் பார்க்கும். வித்தியாசம் தெரிந்தால், "எல்லாரும் கவனியுங்கள், இதுதான் சரி" என்று மறுபடியும் எல்லோருக்கும் கடிதம் போடும்.

இங்கேதான் வந்தது வினை. 300 டைரிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். 300ம் வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு, ஆளுக்கு 300 கடிதம் போட்டால் மொத்தம் எத்தனை? 300 பெருக்கல் 300. ஒரே ராத்திரியில் 90,000 கடிதங்கள்! அடேங்கப்பா! 1986ல் அந்த நெட்வொர்க் திணறிப் போனதற்கு, நகல்களை ஒன்றுபோல் வைத்திருக்க நடந்த இந்தக் கடிதப் போக்குவரத்தும் ஒரு முக்கியக் காரணமாக இருந்தது.

வம்புதான் மருந்து

கலிபோர்னியாவில் பாலோ ஆல்டோ என்ற ஊரில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடம் இருந்தது. அங்கே வேலை பார்த்த ஆலன் டெமர்ஸ் என்பவரும் அவருடைய நண்பர்களும் யோசித்தார்கள். "எல்லோரிடமும் சொல்ல வேண்டும் என்று ஏன் நினைக்க வேண்டும்? காய்ச்சல் எப்படிப் பரவுகிறது? வதந்தி எப்படிப் பரவுகிறது? யாரும் எல்லோரையும் போய்ப் பார்ப்பதில்லையே! அப்படியும் ஊர் முழுக்கப் போய்விடுகிறதே!" என்ற கோணத்தில் அவர்கள் யோசனை போனது. 1987ல் தங்கள் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள்.

முறை ரொம்ப எளிது. புதுச் செய்தி தெரிந்த கம்ப்யூட்டர், குலுக்கல் முறையில் ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுத்துச் சொல்லும். இப்போது இரண்டு பேருக்குத் தெரியும். இரண்டு பேரும் ஆளுக்கு ஒருவரிடம் சொன்னால் நாலு பேர். அப்புறம் எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு...

போகப் போக, ஏற்கெனவே தெரிந்தவரிடமே சொல்லி ஏமாறுவதும் நடக்கும். அதையும் கணக்கில் சேர்த்தால், 40 பேர் வகுப்பில் எல்லோருக்கும் செய்தி போய்ச்சேர சுமார் 9 சுற்றுகள் ஆகும். சரி, 1,000 கம்ப்யூட்டர் இருந்தால் எத்தனை சுற்று? 200? 300? இல்லை, சுமார் 17 சுற்றுகள்தான்! ஆட்கள் 25 மடங்கு கூடினாலும், சுற்றுகள் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. பார்த்தீர்களா, வம்பின் வேகத்தை!

ஆனால், வம்பை எப்போது நிறுத்துவது? "எனக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே!" என்று யாராவது சொன்னால் நமக்கு உற்சாகம் போய்விடும் இல்லையா? கம்ப்யூட்டரும் அப்படித்தான். முதல் தடவை அப்படிக் கேட்டதுமே எல்லாக் கம்ப்யூட்டர்களும் பேச்சை நிறுத்திவிட்டால், 100ல் சுமார் 20 கம்ப்யூட்டர்களுக்குச் செய்தி போயே சேராது. சராசரியாக இரண்டு தடவை கேட்கும்வரை பொறுத்தால், தெரியாமல் போவது சுமார் 6 மட்டுமே. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் இன்னும் குறையும்.

அப்படியும் விடுபட்டவர்கள் கதி? பாட்டி ஊருக்குப் போன பையன் மாதிரி? அதற்குத்தான் டைரிகளை ஒப்பிடும் பழைய வழக்கத்தை விடாமல் வைத்துக்கொண்டார்கள். ஆனால், வித்தியாசம் தெரிந்தால் எல்லோருக்கும் கடிதம் போடுவதில்லை. அந்த இரண்டு டைரிகள் மட்டும் தங்களைச் சரிசெய்துகொள்ளும். வம்பு வேகமாகப் பரவும். ஒப்பீடு விட்டதைப் பிடிக்கும். இரண்டும் சேர்ந்தால் யாரும் தப்ப முடியாது.

இன்னொரு தந்திரமும் உண்டு. பக்கத்தில் இருப்பவரோடு அடிக்கடி பேசு, தூரத்தில் இருப்பவரோடு எப்போதாவது பேசு என்று கம்ப்யூட்டர்களுக்குச் சொன்னார்கள். அதனால், அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே கடல் தாண்டிப் போகும் முக்கியமான இணைப்பில் நெரிசல் ஏறக்குறைய 30ல் ஒரு பங்காகக் குறைந்தது!

எது புதுசு?

இரண்டு டைரிகளை ஒப்பிடுகிறீர்கள். ஒன்றில் புதன், இன்னொன்றில் செவ்வாய். எது புதுசு என்று எப்படித் தெரியும்?

"எழுதின நேரத்தையும் சேர்த்து எழுதினால் போச்சு" என்கிறீர்களா? சபாஷ்! ஜெராக்ஸ் கம்ப்யூட்டர்களும் அதைத்தான் செய்தன. ஒவ்வொரு திருத்தத்தின் மேலும் நேரத்தை முத்திரை குத்தின. ஆனால், எல்லோருடைய கைக்கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்டுமா? ஒருவர் கடிகாரம் பத்து நிமிடம் வேகமாக ஓடினால், அவர் எழுதிய பழைய செய்திகூடப் புதுசு போலத் தெரியுமே!

இதற்கு ஓர் அழகான யோசனையை 1978லேயே சொன்னவர் லெஸ்லி லேம்போர்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி. கடிகாரமே வேண்டாம், எண்கள் போதும் என்றார் அவர். விதிகள் இரண்டுதான். ஒன்று, நீங்கள் ஏதாவது எழுதும்போதெல்லாம் உங்கள் எண்ணில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு, உங்களுடையதைவிடப் பெரிய எண்ணோடு ஒரு செய்தி வந்தால், உங்கள் எண்ணை அதற்கு மேல் உயர்த்திக்கொள்ளுங்கள்.

"புதன் பரீட்சை' என்பது 5ஆம் எண் செய்தி. அதைத் தெரிந்துகொண்டு லீடர் மாற்றி எழுதியது 6ஆம் எண். ஆகவே 6 ஜெயிக்கும். இரண்டு பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே எண்ணில் எழுதிவிட்டால்? வருகைப் பதிவேட்டில் முதலில் இருப்பவர் பின்னால் இருப்பவருக்கு வழிவிட வேண்டும் என்பது போல ஒரு விதியை முன்கூட்டியே வைத்துக்கொள்ளலாம். எல்லோரும் ஒரே விதியைப் பின்பற்றினால் எல்லோருக்கும் ஒரே விடை வரும். கம்ப்யூட்டர் துறையின் நோபல் என்று சொல்லப்படும் டூரிங் விருது 2013ஆம் ஆண்டுக்கு லேம்போர்ட்டுக்குத்தான் கிடைத்தது.

செத்தது பிழைத்து வரும்!

இப்போது கொஞ்சம் திகில் கதை.

பரீட்சையே ரத்து என்று டீச்சர் சொல்லிவிடுகிறார். நீங்கள் சந்தோஷமாக அந்த வரியை ரப்பரால் அழித்துவிடுகிறீர்கள். மறுநாள், செய்தி தெரியாத நண்பனின் டைரியோடு ஒப்பிடுகிறீர்கள். அவன் டைரியில் பரீட்சை இருக்கிறது. உங்கள் டைரியில் அந்த இடம் காலி. "அடடா, இவன் எழுத விட்டுட்டான் போல!" என்று அவன் என்ன செய்வான்? உங்கள் டைரியில் மறுபடியும் எழுதிவிடுவான்! அழித்த பரீட்சை பேய் மாதிரி எழுந்து வந்துவிடும்.

ஜெராக்ஸ் ஆராய்ச்சியாளர்கள் இதற்கு வைத்த மருந்தின் பெயர், "இறப்புச் சான்றிதழ்'! எதையும் வெறுமனே அழிக்கக் கூடாது. "இது இத்தனை மணிக்கு நீக்கப்பட்டது" என்று எழுதி வைக்க வேண்டும். அந்தச் சான்றிதழும் மற்றச் செய்திகளைப் போலவே வம்பாகப் பரவும். பழைய வரி எங்கே தலைகாட்டினாலும், சான்றிதழின் நேரம் புதுசாக இருப்பதால் அது ஜெயித்துவிடும்.

ஆனால், சான்றிதழ்களாகச் சேர்ந்துகொண்டே போனால் டைரி நிறைந்துவிடுமே? அதனால், ஒரு மாதம் போன்ற ஒரு கெடு முடிந்ததும் பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் சான்றிதழைத் தூக்கிப் போட்டுவிடலாம். சில கம்ப்யூட்டர்கள் மட்டும் அதைத் தூங்கும் நிலையில் பத்திரமாக வைத்திருக்கும். நீண்ட நாள் நிறுத்தி வைத்திருந்த ஒரு கம்ப்யூட்டர் திரும்பி வந்து பழைய வரியைப் பரப்ப ஆரம்பித்தால், தூங்கும் சான்றிதழ் விழித்துக்கொள்ளும். மறுபடியும் ஊர் முழுக்கப் பரவி, அந்தப் பேயை விரட்டிவிடும்!

ஓட்டுப் போடும் நூலகங்கள்

வம்பில் ஓர் ஆபத்தும் உண்டு. உண்மை எவ்வளவு வேகமாகப் பரவுமோ, பொய்யும் அவ்வளவு வேகமாகப் பரவும். ஒரு டைரியில் மழைத்தண்ணீர் பட்டு எழுத்து கலைந்துவிட்டாலோ, யாராவது வேண்டுமென்றே மாற்றி எழுதிவிட்டாலோ என்ன செய்வது?

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக நூலகத்தில் 1999ல் ஆரம்பித்த ஒரு திட்டம் இதற்கு வழி காட்டியது. அதன் பெயர் "லாக்ஸ்'. "நிறைய நகல்கள் இருந்தால் பொருள் பத்திரமாக இருக்கும்' என்று பொருள் தரும் ஆங்கில வாக்கியத்தின் முதல் எழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் இது. விக்டோரியா ரீச், டேவிட் ரோசெந்தால் ஆகிய இருவரும் இதைத் தொடங்கினார்கள்.

அதற்கு முன்பு ஆராய்ச்சி இதழ்கள் காகிதத்தில் வந்தன. ஒரு நூலகம் தீப்பிடித்தாலும் மற்ற நூலகங்களில் அதே இதழ் இருக்கும். இதழ்கள் இணையத்துக்கு மாறியதும் நிலைமை தலைகீழானது. வெளியிடுபவர் கடையை மூடிவிட்டால் இதழே காணாமல் போய்விடும் அபாயம்! அதனால், ஒவ்வொரு நூலகமும் சாதாரணக் கம்ப்யூட்டரில் தனக்கென்று ஒரு நகலை வைத்துக்கொள்ளும்படி செய்தார்கள்.

இந்தக் கம்ப்யூட்டர்கள் அவ்வப்போது ஓட்டெடுப்பு நடத்தும். "இந்த இதழின் உங்கள் நகலுக்குக் கைரேகை என்ன?" என்று ஒன்று மற்றவற்றைக் கேட்கும். கைரேகை என்றால், முழு இதழையும் கணக்குப் போட்டுச் சுருக்கி எடுக்கும் ஒரு நீளமான எண். இதழில் ஒரு கமா மாறினால்கூட எண் அடியோடு மாறிவிடும். கேட்டவரின் எண்ணும், மிகப் பெரும்பாலானவர்கள் சொன்ன எண்ணும் வேறாக இருந்தால், "என் நகல்தான் கெட்டுப் போயிருக்கிறது" என்று அது தெரிந்துகொண்டு, நல்ல நகலை வாங்கிச் சரிசெய்துகொள்ளும்.

இதில் ஒரு குறும்பான விஷயம் இருக்கிறது. இந்த ஓட்டெடுப்பு வேண்டுமென்றே மெதுவாகத்தான் நடக்கும். ஏன்? யாராவது ஏமாற்றுக்காரர் புகுந்து எல்லா நகல்களையும் மாற்ற நினைத்தால், அவராலும் அவசரப்பட முடியாது. அதற்குள் கம்ப்யூட்டர்கள் உஷாராகி, நூலகத்தில் இருப்பவர்களுக்கு மணி அடித்துவிடும்!

2009ல் வந்த பிட்காயின் என்ற கம்ப்யூட்டர் காசைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதிலும் தலைமைக் கம்ப்யூட்டர் கிடையாது. யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்ற செய்தி, ஒரு கம்ப்யூட்டரில் இருந்து சில கம்ப்யூட்டர்களுக்கு, அவற்றில் இருந்து இன்னும் சிலவற்றுக்கு என்று இதே வம்பு முறையில்தான் பரவுகிறது.

நீங்களும் செய்து பாருங்கள்!

அடுத்த விளையாட்டுப் பீரியடில் இதைச் செய்து பார்க்கலாம். வகுப்பில் எல்லோர் பெயரையும் துண்டுச்சீட்டுகளில் எழுதி ஒரு டப்பாவில் போடுங்கள். ஒருவரிடம் மட்டும் ஒரு ரகசியச் சொல்லைச் சொல்லுங்கள். டீச்சர் விசில் அடிக்கும்போதெல்லாம், ரகசியம் தெரிந்தவர்கள் மட்டும் ஆளுக்கு ஒரு சீட்டு எடுத்து, அந்தப் பெயருக்கு உரியவரின் காதில் சொல்ல வேண்டும். சீட்டை மறுபடியும் டப்பாவில் போட்டுவிட வேண்டும். எல்லோருக்கும் தெரிய எத்தனை விசில் ஆயிற்று என்று எண்ணுங்கள். 40 பேர் என்றால் 9க்குப் பக்கத்தில் வருகிறதா என்று பாருங்கள்.

கடைசியில் எல்லோரும் தங்களுக்குக் கேட்ட சொல்லைச் சீட்டில் எழுதிக் காட்டுங்கள். யாராவது தப்பாகக் கேட்டிருக்கலாம். அவர்கள் வழியாகத் தெரிந்துகொண்டவர்களும் தப்பாகவே எழுதியிருப்பார்கள். அப்போது புரியும், நூலகங்கள் ஏன் ஓட்டெடுப்பு நடத்துகின்றன என்று!

சரி, பாட்டி ஊரில் இருந்து வந்த பையன்? செவ்வாய்க்கிழமை காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, நேராக வகுப்புக்குப் போகாமல், பக்கத்து வீட்டு நண்பனிடம், "நான் இல்லாதப்ப ஏதாவது மாறிச்சாடா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அரை மணி நேரமாவது புத்தகத்தைப் புரட்டியிருப்பான். ஜெராக்ஸ் கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று விடாமல் கேட்டுக்கொண்டதும் அதைத்தான்.

இனிமேல் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வந்தால், முதல் வேலையாக நண்பனின் டைரியை வாங்கி ஒப்பிட்டுப் பார்ப்பீர்கள்தானே, குட்டீஸ்? அப்படியே, நேற்று வராத நண்பன் யாராவது இருந்தால், அவன் கேட்பதற்கு முன்பே நீங்களாகப் போய்ச் சொல்லிவிடுங்கள்!